புரூனோவின் குளிசை

ஜூன் 5, வியாழன்

காலை 9.40க்கு மிருக வைத்தியசாலை. மகள் தர்மினி நாய்கள் இரண்டையும் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போனாள். பன்னிரண்டாம் திகதி நாங்கள் லண்டனிலிருந்து காரும் கப்பலுமாகப் பாரிசுக்குப் போகிறோம். என் மகன் முகுந்தன் அங்கே புறநகரில் வீடு வாங்கியிருக்கிறான், சனிக்கிழமை குடிபூரல். நாய்களை விடுதியில் விட்டுவிட்டு வர மகளுக்கு மனமில்லை. ஆகவே அவையும் வருகின்றன, என்னைவிடக் கூடுதலான பத்திரங்களோடு.

காத்திருந்த அறையில் ஈரத்துணி புளித்த மணம். நிலத்தில் மூன்று இடங்களில் நாய் வாயிலிருந்து வடிந்த வீணீர். புரூனோ என் சப்பாத்தின் மேல் தாடையை வைத்துக்கொண்டு படுத்தது. அது புல்டோக் இனம், வயது எட்டு. முகம் முழுவதும் மடிப்பு. ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் மண்ணிறத்தில் ஏதோ ஊறிக்கொண்டே இருக்கும். மகள் தினமும் அதைப் பஞ்சால் துடைத்து, அந்தப் பஞ்சை மணந்தும் பார்ப்பாள். மற்றது மோச்சி. வெள்ளைச் சடை, பூனையளவு, பார்வைக்குச் சுத்தம். ஆனால் தோட்டத்தில் தான் கழித்ததைத் தானே தின்னும். கண்ணால் கண்டு மகளிடம் முறையிட்டேன். எல்லா நாயும் செய்வதுதானே என்றாள். அன்று பின்னேரமே மோச்சி அவள் உதட்டை நக்கியது.

வைத்தியர் நாய்க்கு ஒன்றாகப் பத்துப் பக்கச் சான்றிதழ் இரண்டை நிரப்பினார். உரிமையாளருக்குப் பதிலாக நாய்களைக் கொண்டுபோகக்கூடியவர் யாராவது உண்டா என்று கேட்டார். மருமகன் நிமலனுக்கு எந்த நேரமும் வேலையிலிருந்து அழைப்பு வரலாம் என்பதால் மகள் என் பெயரைக் கொடுத்தாள். கையொப்பமிட்டேன். முப்பத்தாறு வருடம் யாழ்ப்பாணத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்து, தெருநாய் பிடிக்க உத்தரவு எழுதிய கை.

திரும்பி வருவதற்கும் ஒரு விதி உண்டு. பிரித்தானியாவுக்குள் நுழைவதற்கு முந்திய ஐந்து நாளுக்குள், ஆனால் இருபத்திநாலு மணித்தியாலமாவது முன்னதாக, நாய்க்கு நாடாப்புழுக் குளிசை கொடுக்கப்பட வேண்டும். அங்குள்ள வைத்தியர் தன் கண்முன் விழுங்கச் செய்து நேரத்தை எழுதி முத்திரை குத்த வேண்டும். இந்தப் புழுவை நான் படித்திருக்கிறேன். நாயின் மலத்திலிருந்து முட்டை ரோமத்துக்கு வரும். ரோமத்திலிருந்து மனிதன் வாய்க்கு. ஈரலில் கட்டியாக வளரும். பத்து வருடம் வரை தெரியாது. காரில் மகளுக்கு இதை விளக்கினேன்.

"அப்பா, நான் இன்னும் சாப்பிடேல்ல" என்றாள்.

வீடு வந்ததும் நாய்களை என் பக்கம் தள்ளிவிட்டாள். "போங்கோ, அம்மப்பாட்டப் போங்கோ." அவர்களுக்குப் பிள்ளையில்லை. பேரப்பிள்ளை கூப்பிட வேண்டிய அந்தச் சொல்லை எனக்கு அவள் இப்படித்தான் தந்திருக்கிறாள். கைகளைச் சவுக்காரம் போட்டு இரண்டு தடவை கழுவினேன்.

ஜூன் 8, ஞாயிறு

புரூனோ சாப்பிட்ட கோப்பையும் நான் சாப்பிட்ட கோப்பையும் ஒரே இயந்திரத்தில் ஒன்றாகக் கழுவப்படுகின்றன. சொல்லவில்லை. ஏப்ரலுக்குப் பிறகு இவ்வாறான விஷயங்களைச் சொல்வதைக் குறைத்திருக்கிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

மகள் என் பெட்டியை அடுக்கினாள். ஐந்து நாள் பயணத்துக்கு இரண்டு பெட்டி. நான் வழக்கம்போல் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்துப் பட்டியலிட்டேன். சேட்டு பதினொன்று. சாரம் ஆறு. கம்பளி மேலங்கி ஒன்று. இரத்த அழுத்தக் குளிசை தொண்ணூறு. ஜூன் மாதத்தில் கம்பளி எதற்கு என்று கேட்டேன். பாரிசில் திடீரெனக் குளிரும் என்றாள், என்னைப் பார்க்காமல் மடித்தபடி. சிறு வயதிலிருந்தே அவள் முன்யோசனைக்காரி.

நாய்களுக்கு ஐந்து நாள் சாப்பாடு, பகல் இரவு என்று பிரித்துப் பத்துப் பொட்டலம். ஒன்றும் மேலதிகமில்லை.

ஜூன் 12, வியாழன்

காலை 6.15க்குப் புறப்பட்டோம். முன்னால் நிமலனும் மகளும். பின்னால் நான் நடுவில், வலப்பக்கம் புரூனோ, இடப்பக்கம் மோச்சி. நடுவில் இருப்பவர் இரண்டையும் பிடிக்கலாம் என்பது நிமலனின் ஏற்பாடு.

புரூனோ மூச்சுவிடுவது அடைத்த குழாயில் தண்ணீர் இறங்குவது போன்ற ஓசை. அது என் தோளில் சாய்ந்தபடி நித்திரைகொண்டது. வெள்ளைச் சேட்டின் கைப்பகுதி முழங்கை வரை நனைந்தது. டோவருக்கு முன் வயிற்றுக் காற்றையும் விட்டது. நிமலன் கண்ணாடியில் பார்த்து, "மாமா, அது நீங்களோ அவனோ?" என்றார். மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த மணம் தொண்டைக்குள் ருசியாகவே இறங்கியது.

கப்பலில் நாயோடு வருபவர்களுக்கென்று தனி அறை இருந்தது. ஏறத்தாழ இருபது நாய்கள். கடல் கொஞ்சம் ஆடியது. ஒரு நாய் சத்தியெடுக்க, இன்னொன்று அதைத் தின்னப் போக, அதன் சொந்தக்காரி குழந்தையை அதட்டுவதுபோல் கொஞ்சினாள். இந்த அறையைச் சோதிக்க நான் போயிருந்தால் கதவில் ஒட்டியிருக்கக்கூடிய அறிவித்தலை மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். அதுதான் தொண்ணூறு நிமிடத்தையும் கடத்தியது. நிமலன் வெளியே போய்க் கோப்பி குடித்தார். மோச்சி என் மடியில் நடுங்கிக்கொண்டு இருந்தது. அதைக் கீழே விடவில்லை. கீழே இருந்த நிலம் அப்படி.

முகுந்தனின் வீட்டுக்குப் பின்னேரம் மூன்றரைக்கு வந்தோம். மருமகள் சுலோ எனக்கென்று மேல்மாடியில் ஒரு அறை காட்டினாள். புதுக் கட்டில், புது அலுமாரி, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி. ஐந்து நாளுக்கு இவ்வளவு செய்யத் தேவையில்லை என்றேன். "இருக்கட்டும் மாமா" என்றாள்.

மகளுக்கும் நிமலனுக்கும் கீழே இருக்கையறையில் மெத்தை.

ஜூன் 14, சனி

குடிபூரல் நன்றாக நடந்தது. பால் பொங்கியது. ஐயர் அமுக்கமாக மூக்கைச் சீறி அந்தக் கையாலேயே திருநீறு தந்தார். வாங்கிப் பூசிக்கொண்டேன்.

ஓமப்புகைக்கு நாய்கள் குரைத்ததால் என்னை அவற்றோடு கராச்சுக்குள் காரில் இருக்கச் சொன்னாள் மகள். பதினொன்றரை போல, கதிரை எடுக்க நிமலனும் முகுந்தனும் வந்தார்கள். கண்ணாடி இறக்கியிருந்தது. நான் பின் இருக்கையில் சாய்ந்திருந்ததால் அவர்களுக்குத் தெரியவில்லை.

"மூண்டு மாசம் வைச்சுப் பாருங்கோ மச்சான்" என்றார் நிமலன். "ஒத்து வந்தால் நிரந்தரமா இருக்கிற அலுவலைப் பாப்பம்."

"அப்பாட்டச் சொல்லியாச்சோ?"

"தர்மினி வெளிக்கிட முதல் சொல்லுவா. ஏப்ரலுக்குப் பிறகு அவவுக்கு ஏலாமப் போச்சு. வேலைக்குப் போய் இருந்துகொண்டு ஒவ்வொரு மணித்தியாலமும் வீட்டில என்ன நடக்குதெண்டு யோசிக்கிறா."

நான் இன்னும் கீழே சரிந்தேன். சரிந்த இடத்தில் புரூனோவின் முகம் இருந்தது. அதன் மூச்சு நேராக என் வாய்க்குள் வந்தது. பழைய மீனும் இறப்பரும் கலந்த மணம். அவர்கள் எட்டுக் கதிரைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போகும்வரை அந்த மூச்சையே நானும் சுவாசித்தேன்.

ஏப்ரலில் நடந்ததை இங்கே எழுதிவிடுவது முறை. புரூனோ மழையில் உருண்டுவிட்டு வந்து மணத்தது. துடைக்க எனக்கு அருவருப்பு. வெளியே விட்டுக் கதவைச் சாத்தினேன். பிறகு பத்திரிகை வாசித்தேன். மகள் வேலையால் வந்தபோது அது வாசற்படியில் விறைத்துப்போய்க் கிடந்தது. இரண்டு மணித்தியாலம். மூன்று என்று மகள் சொன்னாள். அவள் சொன்னதுதான் சரி.

ஜூன் 15, ஞாயிறு

ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

காலை 10.50க்கு இவ்வூர் மிருக வைத்தியரிடம் போனோம். நாளை மாலை நாலரைக் கப்பல் என்பதால் மணிக்கணக்குச் சரி. ஒல்லியான மனிதர், கொஞ்சம் ஆங்கிலம் பேசினார். இரண்டு நாய்களுக்கும் குளிசையை இறைச்சிப் பசைக்குள் வைத்துக் கொடுத்தார். மோச்சி மென்றது, புரூனோ மெல்லாமல் விழுங்கியது. 11.05 என்று எழுதி முத்திரை குத்தினார். மகள் வெளியே மோச்சியைக் கொண்டுபோனபோது அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். பதில் தெளிவாக இருந்தது.

11.30க்கு வீடு. மகளும் நிமலனும் சாமான் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார்கள், முகுந்தன் வேலைக்கு. சுலோ விடியற்காலை எழும்பிப் பயணத்துக்கென்று ஆட்டிறைச்சி றோல்ஸ் சுட்டிருந்தாள். என்னைத் தோட்டத்து மேசையில் இருத்தி ஒரு தட்டு நிறைய வைத்தாள். "லண்டன்காரர் மாதிரி வெக்கப்படாமச் சாப்பிடுங்கோ மாமா. இனி இது உங்கட வீடு."

அவள் குசினியில் கறியை நக்கிப் பார்த்த அகப்பையைத் திரும்பச் சட்டிக்குள் விட்டதை நான் காலையில் கண்டிருந்தேன். வாயில் வைக்க முடியாது. வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. மருமகள் சுட்டதை மாமனார் மறுப்பது என்பது அவள் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் காட்டும் விஷயம். அவளுக்குத் தொலைபேசி வந்தது, உள்ளே போனாள். மேசைக்குக் கீழே புரூனோ இருந்தது. ஒரு றோலைக் கொடுத்தேன்.

11.52க்கு அது வேலி ஓரத்தில் சத்தியெடுத்தது. மஞ்சள் நுரை, மாவுத்தோல், இறைச்சித் துண்டுகள். நடுவில் குளிசை, விளிம்பு மட்டும் கரைந்தபடி. முகம் துடைக்கும் என் லேஞ்சியால் எடுத்தேன். மிச்சத்தை மண் போட்டு மூடினேன்.

சுலோ வந்து வெறுந்தட்டைப் பார்த்து முகம் மலர்ந்தாள்.

மகள் 12.40க்கு வந்தாள். அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பின்னேரம் தேத்தண்ணி நேரத்திலும் சொல்லவில்லை. சொன்னால் றோலைச் சொல்ல வேண்டும். றோலைச் சொன்னால் சுலோ. எது சரி என்று தீர்மானிக்க எனக்கு எப்போதும் நேரம் எடுக்கும்.

ஜூன் 17, செவ்வாய்

காலை 10.30. மகள் வாசற்படியில் இருந்து புரூனோவின் முக மடிப்புகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பஞ்சைக் கீழே வைத்தாள்.

"அப்பா, இருங்கோ. உங்களோட ஒண்டு கதைக்கோணும்."

என்ன கதைக்கப் போகிறாள் என்று தெரியும். அவள் தொடங்குவதற்கு முன், "பிள்ளை, புரூனோ நேற்றுக் குளிசையைச் சத்தியெடுத்துப் போட்டுது" என்றேன்.

சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் பையை எடுத்துக் காட்டினேன். உள்ளே லேஞ்சி, லேஞ்சிக்குள் குளிசை. பையின் மேல் திகதியும் நேரமும் எழுதியிருந்தேன். மாதிரி எடுக்கும்போது எழுதிப் பழகிய கை, தானாகவே எழுதிவிட்டது. மகள் அந்த நேரத்தை வாசித்தாள்.

நிமலன் வந்தார். முகுந்தனும் சுலோவும் வந்தார்கள். ஏன் சத்தியெடுத்தது என்று கேட்டார்கள். றோலைச் சொன்னேன். சுலோ என்னைப் பார்க்காமல் நாயைப் பார்த்தாள்.

"நான் மூண்டரைக்கு எழும்பிச் சுட்டது" என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

நிமலனுக்கு இதில் பெரிய பிரச்சினை தெரியவில்லை. முத்திரை இருக்கிறது, நேரம் இருக்கிறது, துறைமுகத்தில் யார் நாயின் வயிற்றுக்குள் பார்க்கப் போகிறார்கள் என்றார். நாளைக்குத் தனக்கு வேலை, மாற்ற முடியாது என்றார். மகள் மாட்டேன் என்றுவிட்டாள். நான் காரில் விளக்கிய புழுவை அவள் மறக்கவில்லை. புரூனோ அவர்களுடைய கட்டிலில் படுக்கிற நாய். ஈரல், பத்து வருடம் என்று நான் சொன்ன சொற்களையே நிமலனுக்குத் திருப்பிச் சொன்னாள். என் சொல்லை அவள் இவ்வளவு கவனமாகக் கேட்டிருந்தாள் என்பது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வைத்தியசாலைக்கு முகுந்தன் அழைத்துக் கேட்டான். புதன் காலைக்கு முன் இடமில்லை. புதன் கொடுத்தால் வியாழனுக்கு முன் கப்பல் ஏற முடியாது.

"மாமா, நேற்று மத்தியானம் சொல்லியிருந்தால் நேற்றே திருப்பிக் குடுத்திருக்கலாம். இண்டைக்குப் போயிருக்கலாம்" என்றார் நிமலன், மரியாதையாகவே. "இருபத்திரண்டரை மணித்தியாலம் பேசாம இருந்திருக்கிறியள்."

மகள் நிமலனை உள்ளே போகச் சொன்னாள். அவள் விரலில் இன்னும் பஞ்சு ஒட்டியிருந்தது.

"அப்பா, உண்மையைச் சொல்லுங்கோ. வேணுமெண்டு குடுத்தனீங்களோ?"

"ஒண்டுதான் பிள்ளை குடுத்தனான்" என்றேன்.

அவள் கேட்டது அதையல்ல. ஆனால் வேறொன்றும் கேட்கவில்லை. என்னோடு கதைக்க வந்ததையும் கதைக்கவில்லை.

முடிவு: மகளும் நிமலனும் மோச்சியோடு இன்று போவது. சான்றிதழில் என் பெயர் இருப்பதால், மகள் போய் ஐந்து நாளுக்குள் புரூனோவை நான் கொண்டுபோகலாம். முகுந்தன் சனிக்கிழமை காரில் எங்களைக் கொண்டுபோய் விடுவான். அதற்குப் பிறகு நான் எங்கே என்பதை யாரும் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் காரில் ஏறிக்கொண்டிருக்கும்போது குசினி ஜன்னலால் சுலோவின் குரல் கேட்டது, எங்களுக்குக் கேட்கத்தான் முகுந்தனிடம் சொன்னாள்.

"நாயையும் அவரையும் ஒண்டாக் கூட்டிக்கொண்டு போங்கோ. நான் சமைக்கிறதை நாய்க்குப் போடுற மனுசனை வைச்சுப் பாக்க எனக்கு ஏலாது."

மகளுக்கும் கேட்டது. அவள் என் பெட்டிகளைப் பார்த்தாள். "அடுக்கினபடியே வையுங்கோ அப்பா" என்றாள்.

ஜூன் 18, புதன்

காலை 11.00. வைத்தியரின் உதவியாளர் விடுமுறை. நாயைப் பிடிக்க நான்தான். இம்முறை பசைக்குள் வைத்துக் கொடுத்ததைப் புரூனோ துப்பியது, இரண்டு தடவை. வைத்தியர் தாடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, குளிசையைத் தொண்டைக்குள் தள்ள என்னிடம் சொன்னார். அவர் பார்க்க, என் விரல்களை உள்ளே விட்டேன். நாக்கின் அடி வழுவழுப்பும் சூடும். பற்களுக்கிடையில் பழைய சாப்பாடு. தொண்டையின் சதை என் விரலைச் சுற்றி இறுகியது. மணிக்கட்டு வரை நூல்நூலாகச் சளி. எனக்கு வாய்வரை வந்தது, விழுங்கினேன்.

நாய் கடிக்கவில்லை. கடித்திருக்கலாம். ஏப்ரலுக்கும் சேர்த்துக் கடித்திருக்கலாம்.

11.20 என்று எழுதி முத்திரை குத்தினார். வீட்டில் அதை என் அறையில் வைத்து ஒன்றரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் கொடுக்கவில்லை. அது என்னைப் பார்த்தது. சத்தியெடுக்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

சுலோ என் சாப்பாட்டை மூடி மேசையில் வைத்துவிட்டுப் போகிறாள். முழுவதும் சாப்பிட்டேன். மிளகாய் கூட. அகப்பையை நினைக்காமல் இருக்க முயன்றேன்.

ஜூன் 21, சனி

கப்பலில் எழுதுகிறேன். அதே வகை அறை, அதே மணம். முகுந்தன் வெளியே நிற்கிறான். புரூனோ என் கால் மேல்.

கலே துறைமுகத்தில் உத்தியோகத்தர் சிறு கருவியைத் தந்து, புரூனோவின் கழுத்தில் வைத்து, தோலுக்குள் பதித்திருக்கும் சிப்பின் இலக்கத்தைப் படிக்கச் சொன்னார். சரியாக இருந்தது. குளிசை கொடுத்த நேரத்தைப் பார்த்தார். முதல் முத்திரைக்குக் கீழே இரண்டாவது முத்திரை ஏன் என்று கேட்டார். சத்தியெடுத்தது என்றேன். நேர்மையாகத் திரும்பக் கொடுத்ததற்கு நன்றி என்றார். பலர் அப்படிச் செய்வதில்லையாம்.

ஆகவே இதை எழுதுகிறேன். திங்கட்கிழமை வைத்தியரிடம் நான் கேட்ட கேள்வி, குளிசை வெளியே வருவதற்கு என்ன காரணம் இருக்கலாம் என்பது. கொழுப்புச் சாப்பாடும் ஓட்டமும் என்றார்; இந்த இனத்துக்கு அரை மணித்தியாலம் போதும் என்றார். நான் கொடுத்தது ஒரு றோல் அல்ல. தட்டில் இருந்த நாலும். நாலாவதை அது வேண்டாம் என்று முகத்தைத் திருப்பியது. அதன் வாயைத் திறந்து உள்ளே வைத்தேன். பிறகு கழுத்துப் பட்டியைப் பிடித்து வேலி நீளத்துக்கு அதை ஓட வைத்தேன், எழுபத்தாறு வயதில், நானும் ஓடி, ஆறு தடவை. சுலோவின் அகப்பையைக் கண்டது உண்மை. ஆனால் அதற்கு முதல்நாளும் கண்டேன், சாப்பிட்டேன். புரூனோ பின்தங்கினால் அதை லண்டனுக்குக் கொண்டுபோகச் சான்றிதழில் இருப்பது என் பெயர் என்பதும் எனக்குத் தெரியும்.

ஒரு வாய் பேசாத மிருகத்தின் வயிற்றைப் புரட்டி வீடு திரும்புகிற மனிதனை என்ன பெயர் சொல்லி அழைப்பது என்று படித்த நூல்களில் தேடுகிறேன்.

மாலை 6.50, லண்டன்

மகள் கதவைத் திறந்தாள். முழங்காலில் இருந்து முதலில் புரூனோவை அணைத்து அதன் முகத்தில் முத்தமிட்டாள். பிறகு எழும்பினாள். என் அறையில் விரிப்பு மாற்றியிருக்கிறதாம்.

"நீங்கள் சொல்லியிராட்டில் எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது அப்பா" என்றாள். "நான் உங்களைப் பிழையா நினைச்சுப் போட்டன். அங்க வைச்சுக் கேட்டது பிழை."

கண் கலங்கியிருந்தாள். நான் பெட்டியைக் கீழே வைத்தேன்.

"பிள்ளை, அந்த றோல்ஸ்..." என்று தொடங்கினேன்.

"அதை இனி விடுங்கோ. சுலோவோட நான் கதைச்சிட்டன்."

விட்டுவிட்டேன். அவள் சொன்னபடியால்தான் விட்டேன் என்று முதலில் எழுதியிருந்தேன். அந்த வரியை வெட்டிவிட்டேன்.